குஸ்தன்தீனிய்யாவில் கொடுத்த வாக்கும் கண்ணனூரில் கொடுத்த வாக்கும்



சிலுவைப் போர் என்று சொன்னவுடன் நம் வீட்டுப் பிள்ளைகளின் மனத்தில் இரண்டு அணிகள்தாம் எழுகின்றன. ஒருபுறம் ஐரோப்பாவிலிருந்து வந்த கிறிஸ்தவப் படைகள், மறுபுறம் முஸ்லிம்கள், நடுவே பைத்துல் முகத்தஸ், முடிவில் சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) அவர்களின் வெற்றி. ஜுமுஆ பயான்களிலும் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகிறோம். இது பொய்யான சித்திரம் அன்று. ஆனால் இதில் ஒரு தரப்பு முழுவதுமாக விடுபட்டிருக்கிறது. அத்தரப்பின் பெயரிலேயே குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டு. ரோமர்கள், அதாவது குஸ்தன்தீனிய்யாவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட கிழக்கு ரோம சாம்ராஜ்யத்தினர். வரலாற்று நூல்கள் அவர்களைப் பைஸாந்தியர் என்று அழைக்கின்றன.

சிலுவைப் போர்ப் பிரபுக்கள் முதன்முதலில் வாக்குக் கொடுத்ததும், முதன்முதலில் வாக்கை மீறியதும் இந்தப் பைஸாந்தியரிடத்தில்தான். அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகப் பார்க்க விரும்புகிறோம். அத்துடன் நின்றுவிடாமல், அதே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு தொடர்புடைய ஒரு மன்னரின் முடிவையும் அளந்து பார்க்கப் போகிறோம். அவருக்கு வாக்குக் கொடுத்தவர் ஒரு முஸ்லிம் சுல்தான். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் என்று தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் இந்த எல்லைப் பகுதியில், நம் பிள்ளைகள் மாற்று மதப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து வரலாறு படிக்கிறார்கள். மதுரை சுல்தான்களைப் பற்றிய கேள்வி அவர்களிடம் வரத்தான் செய்யும். அதற்கு வீட்டில் ஒரு நேர்மையான பதில் இருக்க வேண்டும்.

முதலில் ரோமர்களிடம் வருவோம். 1071ஆம் ஆண்டு மலாஸ்கிர்த் போரில் செல்ஜூக் சுல்தான் அல்ப் அர்ஸலான் பைஸாந்தியப் பேரரசர் ரோமானோஸைச் சிறைபிடித்தார். ஒரு ரோமப் பேரரசர் முஸ்லிம் படையிடம் கைதியாவது அதுவே முதல்முறை. சுல்தான் அவரைக் கண்ணியமாக நடத்தி, மீட்புத் தொகையும் சமாதான நிபந்தனைகளும் பேசி முடித்து, சொன்னபடியே விடுவித்துப் பாதுகாப்புடன் அனுப்பி வைத்தார். ஊர் திரும்பியவருக்கு அங்கே அரியணை இல்லை. உயிருக்கும் உடலுக்கும் தீங்கு நேராது என்ற உறுதிமொழியை நம்பித் தம் சொந்த மக்களிடம் சரணடைந்த அவருடைய கண்களை 1072இல் பறித்தார்கள். அந்தப் புண்ணாலேயே அவர் இறந்தார்.

அந்தத் தோல்விக்குப் பின் அனத்தோலியாவின் பெரும்பகுதி செல்ஜூக்கியர் வசமானது. 1081இல் அரியணை ஏறிய அலெக்ஸியோஸ் கொம்னெனோஸ், இழந்த நிலத்தை மீட்க மேற்கிலிருந்து கூலிப் படைவீரர்களைக் கேட்டார். அவர் எதிர்பார்த்தது சில ஆயிரம் வீரர்கள். போப் இரண்டாம் அர்பன் 1095இல் கிளர்மோன்டில் ஆற்றிய உரைக்குப் பின் வந்து சேர்ந்ததோ பிரபுக்களின் தலைமையில் பெரும் பெரும் சேனைகள். அவர்களில் ஒருவரைக் கண்டதும் பேரரசருக்குத் தூக்கம் போயிருக்கும். தென் இத்தாலியின் நார்மானியப் பிரபுவான பொஹிமண்ட், தம் தந்தையுடன் சேர்ந்து 1081 முதல் சில ஆண்டுகள் இதே அலெக்ஸியோஸின் நாட்டின்மீது படையெடுத்துப் போரிட்டவர். நேற்றைய பகைவர் இன்று தோளில் சிலுவை தைத்துக்கொண்டு விருந்தினராக வந்து நின்றார்.

பேரரசர் ஒரு வழி கண்டார். தம் நாட்டைக் கடந்து செல்லும் ஒவ்வொரு பிரபுவும் சத்தியம் செய்ய வேண்டும்: முன்பு ரோம சாம்ராஜ்யத்துக்குச் சொந்தமாக இருந்த எந்த ஊரைக் கைப்பற்றினாலும் அதைப் பேரரசரின் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும். பதிலுக்கு அவர் உணவும் பணமும் வழிகாட்டும் படையும் தருவார். கோட்ஃப்ரே முதலில் மறுத்தார். உணவு வரத்து நிறுத்தப்பட்டு, நகர மதிலடியில் கைகலப்பும் நடந்த பிறகே இணங்கினார். பொஹிமண்டின் உறவினர் டான்க்ரெட் சத்தியத்தைத் தவிர்ப்பதற்காக நகருக்குள் வராமலே நீரிணையைக் கடந்துவிட்டார். தூலூஸின் ரேமண்ட், தாம் பேரரசரின் அடியாராக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, அவருடைய உயிருக்கும் மானத்துக்கும் தீங்கு செய்யமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்தார். பொஹிமண்டோ தயக்கமே இன்றி உடனே சத்தியம் செய்துவிட்டார்! பிற்காலத்தில் பேரரசரின் உரிமைக்காக வாதாடியவர் பிடிவாதம் பிடித்த ரேமண்ட்தான். உடனே சத்தியம் செய்தவர் என்ன செய்தார் என்பதை இனிப் பார்ப்போம்.

பேரரசரின் மகள் அன்னா கொம்னெனா தம் நூலில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். பொஹிமண்டுக்குச் சமைத்த உணவும், சமைக்காத இறைச்சியும் ஒருங்கே அனுப்பப்பட்டன. அவர் சமைத்ததைத் தொடாமல் தம் ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, மறுநாள் அவர்கள் உடல்நலத்தை விசாரித்தாராம். நஞ்சு கலந்திருக்குமோ என்ற ஐயம். அன்னா தம் தந்தையின் பக்கம் சாய்ந்து எழுதுபவர். பல ஆண்டுகள் கழித்து எழுதியவர். அதை மனத்தில் கொண்டே படிக்க வேண்டும். ஆனாலும் சத்தியம் வாங்கியவரும் செய்தவரும் ஒருவரையொருவர் எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு இந்த உணவுத் தட்டு போதுமான சாட்சி.

1097 ஜூனில் நீக்கியா சரணடைந்தபோது ஒப்பந்தப்படியே அது பேரரசரிடம் சென்றது. சோதனை அந்தாக்கியாவில் வந்தது. ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை பைஸாந்தியரிடமே இருந்த ஊர் அது; சத்தியம் எந்த ஊருக்குப் பொருந்தாவிட்டாலும் இதற்குப் பொருந்தும். நம் வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் அவர்களும், அந்தாக்கியாவைத் தம்மிடம் ஒப்படைப்பதாக உறுதி தந்தால்தான் வழிவிடுவேன் என்று ரோமப் பேரரசர் நிபந்தனை விதித்ததாகவே பதிவு செய்கிறார். 1097 அக்டோபரில் தொடங்கிய முற்றுகை எட்டு மாதம் நீண்டது. பட்டினியில் குதிரைகளையும் தின்றார்கள். பேரரசரின் தளபதி தாதிகியோஸ் 1098 பிப்ரவரியில் பாளையத்தைவிட்டுப் போய்விட்டார். (இந்தத் தாதிகியோஸ், பைஸாந்தியரிடம் சிறைப்பட்ட ஒரு துருக்கியரின் மகன் என்பதையும் சொல்லிவிடுவோம். அந்தப் போர்களில் எந்தப் பாளையமும் ஒரே இனத்தார் பாளையமாக இருக்கவில்லை.) ஜூன் மாதத்தில், உதவிக்குப் படையோடு வந்துகொண்டிருந்த அலெக்ஸியோஸ், எல்லாம் முடிந்துவிட்டது என்று தப்பி வந்த ஒரு பிரபு சொன்னதைக் கேட்டுப் பாதிவழியில் திரும்பிவிட்டார்.

பொஹிமண்ட் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: ஆண்டவர் உதவிக்கு வரவில்லை, ஆகவே சத்தியம் முறிந்தது. வழக்கறிஞர் வாதமாக இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாள்களைப் பார்க்க வேண்டும். கோபுரக் காவலர் ஒருவரை இரகசியமாக வசப்படுத்திக்கொண்ட பொஹிமண்ட், நகரைத் திறந்துவிடுபவருக்கே நகரம் சொந்தம் என்று மற்றப் பிரபுக்களிடம் பேரம் பேசி முடித்தது மே மாதத்தில். பேரரசர் பாதிவழியில் திரும்பியது அதற்குப் பிந்தைய வாரங்களில். காரணம் பிறப்பதற்கு முன்பே ஆசை பிறந்திருந்தது. அந்தாக்கியாவை அவர் ஒப்படைக்கவே இல்லை. 1107இல் மீண்டும் பைஸாந்தியத்தின்மீது படையெடுத்துத் தோற்று, 1108இல் தேவோல் என்ற இடத்தில் இன்னொரு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். அந்தாக்கியாவைப் பேரரசரின் கீழிருந்து ஆள்வதாக அதில் ஏற்றார். அப்போது அங்கே பொறுப்பிலிருந்த டான்க்ரெட் அதையும் மதிக்கவில்லை.

இந்த வழக்கம் அந்தாக்கியாவின் பிற்காலப் பிரபு ரெய்னால்டிடம் முற்றி வெடித்தது. அரபு நூல்கள் இவரை அர்னாத் என்கின்றன. பேரரசர் மனுவேல் தருவதாகச் சொன்ன பணம் வந்து சேரவில்லை என்ற கோபத்தில் இவர் 1150களின் நடுவில் பைஸாந்தியரின் சைப்ரஸ் தீவின்மீது பாய்ந்து, கிறிஸ்தவத் தேவாலயங்களையும் மடங்களையும் சூறையாடினார். அந்தப் படையெடுப்புக்குப் பணம் தர மறுத்த அந்தாக்கியாவின் முதன்மை குருவை அடித்து, காயங்களில் தேனைத் தடவி, வெயிலில் கோட்டை மாடியில் கட்டிப்போட்டதாக அவர்களுடைய வரலாற்றாசிரியர் தீரின் வில்லியமே எழுதுகிறார். பேரரசர் பெரும்படையுடன் வந்ததும், வெறுங்காலோடு சென்று அவர் முன் விழுந்து மன்னிப்புப் பெற்றார். பிறகு ஹலபில் சுமார் பதினாறு ஆண்டுகள் சிறையிருந்தும் புத்தி வரவில்லை. ஸலாஹுத்தீன் அவர்களோடு சமாதான உடன்படிக்கை நடப்பில் இருந்தபோதே வணிகக் கூட்டத்தைக் கொள்ளையிட்டவர் இவர்தான்.

1187 ஜூலை 4, ஹித்தீன். அன்றைய நிகழ்வில் ஒரு நுணுக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித் தர வேண்டும். சிறைப்பட்ட மன்னர் கைக்குச் சுல்தான் குளிர்ந்த நீர் கொடுத்தார். அவர் குடித்துவிட்டுக் கிண்ணத்தை ரெய்னால்டிடம் நீட்டினார். உடனே சுல்தான், இவருக்கு நீர் கொடுத்தது நான் அல்ல என்று தெளிவுபடுத்தினார். ஏனெனில் அரபு மரபில், கைதி தன்னைச் சிறைபிடித்தவர் கையால் உண்டாலோ குடித்தாலோ அவனுக்கு அமான், அதாவது உயிர்ப் பாதுகாப்பு கிடைத்துவிடும். ரெய்னால்டைக் கொல்வதாகச் சத்தியம் செய்திருந்தவர், ஒரு மிடறு தண்ணீரின் வழியாகவும் பொய்யான அமான் உண்டாகிவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டார். மன்னர் கை உயிரோடு விடப்பட்டார், ரெய்னால்டு கொல்லப்பட்டார். இந்தக் கிண்ணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மதுரையில் இது தேவைப்படும்.

பைஸாந்தியருக்கு நேர்ந்த பேரழிவு 1204இல் வந்தது. எகிப்துக்குப் போக வேண்டிய நான்காம் சிலுவைப் படை, வெனிஸ் நகரத்தாருக்குப் பட்ட கப்பல் கடனாலும், அரியணையை மீட்டுத் தந்தால் 2,00,000 வெள்ளி மார்க் தருவதாக ஓர் இளவரசர் சொன்ன நிறைவேற்ற முடியாத வாக்காலும் குஸ்தன்தீனிய்யாவின் பக்கம் திரும்பியது. ஏப்ரல் 13 முதல் மூன்று நாள் சூறை. ஆயா சோபியாவும் தப்பவில்லை. அதைக் கண்ணால் கண்ட பைஸாந்திய அதிகாரி நிகேதாஸ் கோனியாதேஸ், பைத்துல் முகத்தஸை மீட்டபோது முஸ்லிம்கள் அங்கிருந்த இலத்தீன் கிறிஸ்தவர்களிடம் காட்டிய இரக்கத்தை எடுத்துக்காட்டி, அதில் ஒரு பங்குகூட இவர்கள் தங்களிடம் காட்டவில்லை என்று மனம் நொந்து எழுதுகிறார். 1261இல் நகரம் மீண்டது. பழைய பலம் மீளவில்லை.

இந்தச் சான்றை நாம் மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுகிறோம்; காட்டவும் வேண்டும். ஆனால் பிறர் நம்மைப் பற்றிச் சொன்ன நல்ல சாட்சியத்தை ஏற்கும் நாம், நம்மவரே நம்மவரைப் பற்றிச் சொன்ன கசப்பான சாட்சியத்தையும் ஏற்றாக வேண்டும். அந்தச் சாட்சி இப்னு பதூதா.

குடையும் மதிலும்

மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்த இந்தப் பயணி, 1330களின் தொடக்கத்தில் குஸ்தன்தீனிய்யாவுக்குச் சென்றவர். மங்கோலிய முஸ்லிம் மன்னர் உஸ்பெக் கானின் மனைவியரில் ஒருவர் ரோமப் பேரரசரின் மகள். பிரசவத்துக்காகத் தாய்வீடு சென்ற அந்த அம்மையாரின் பரிவாரத்தோடு இவரும் போனார். பேரரசர் இவரிடம் பைத்துல் முகத்தஸைப் பற்றியும் குப்பத்துஸ் ஸக்ராவைப் பற்றியும் மொழிபெயர்ப்பாளர் மூலம் ஆவலோடு விசாரித்தார். பின் அங்கியும் குதிரையும் கொடுத்து, அரசர்கள் தலைக்குமேல் பிடிக்கும் குடை ஒன்றையும் அளித்தார். அந்தக் குடை அமானின் அடையாளம். அதன்கீழ் போகிறவரை எவரும் தீண்டக் கூடாது. ஒரு முஸ்லிம் ஆலிம் அந்தக் குடையின்கீழ் குஸ்தன்தீனிய்யாவின் கடைத்தெருக்களில் நிம்மதியாக உலாவினார். சுமார் பத்தாண்டுகள் கழித்து அதே மனிதர் தமிழகத்தின் மதுரையில், அமான் முறிக்கப்பட்ட ஒருவரின் உடலை மதிலில் கண்டார்.

மதுரைக்கு முஸ்லிம் ஆட்சி வந்த விதம் நாம் மேலே கண்ட பிரபுக்களின் கதையோடு ஒத்துப்போகிறது. 1311இல் மாலிக் கஃபூரின் படையெடுப்பு. 1323இல் டெல்லியின் இளவரசர், பின்னாளைய முஹம்மத் பின் துக்ளக், மதுரையைக் கைப்பற்றி மஃபர் என்ற மாகாணமாக்கினார். அங்கே ஆளுநராக அனுப்பப்பட்ட ஜலாலுத்தீன் அஹ்ஸன், 1330களின் நடுவில் டெல்லியை உதறிவிட்டுத் தம் பெயரில் நாணயம் அடித்துக்கொண்டார். பேரரசர் பெயரால் பெற்ற ஊரைத் தமக்கே வைத்துக்கொள்வது: அந்தாக்கியாவில் பொஹிமண்ட் செய்ததும் இதுவே. தண்டிக்கப் புறப்பட்ட துக்ளக்கின் படையை வாரங்கலில் கொள்ளைநோய் தாக்கவே, அவர் திரும்பிவிட்டார். அஹ்ஸன் சில ஆண்டுகளில் கொல்லப்பட்டார். அடுத்து வந்தவர் போர்க்களத்தில் அம்புபட்டு இறந்தார்; அவருக்குப் பின் வந்தவர் நாற்பதே நாள் ஆண்டு கொல்லப்பட்டார். பின்பு அரியணை ஏறியவர்தான் கியாஸுத்தீன் தாமகானி. அஹ்ஸனின் ஒரு மகளை இவரும், இன்னொரு மகளை முன்பே டெல்லியில் இப்னு பதூதாவும் மணந்திருந்தார்கள். ஆக, சாட்சி சொல்பவர் சுல்தானின் சகலை.

எதிர்த்தரப்பில் நின்றவர் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரபல்லாளர். இவருடைய வீட்டுக் கதை நம் மண்ணோடு பிணைந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹொய்சள அரசு இரண்டாகப் பிரிந்தபோது, தமிழ்ப் பகுதிகளை ஆண்ட வீர ராமநாதன் முதலில் சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரிலிருந்தும், பிறகு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியிலிருந்தும் ஆட்சி செய்தார். இன்று ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு லாரிகள் பறக்கும் இந்த மேட்டுநிலம் அன்று ஓர் அரசின் தலைவாசல். பிரிந்த இரண்டு பகுதிகளையும் மீண்டும் ஒன்றாக்கி ஆண்டவர் இந்த மூன்றாம் பல்லாளர். கண்ணனூர் அவருடைய முன்னோரின் தலைநகரம். அது மதுரைப் படையின் கையில் இருந்தது. 1342ஆம் ஆண்டளவில் எண்பது வயது முதியவரான பல்லாளர் அதை மீட்க முற்றுகையிட்டார்.

இப்னு பதூதா தரும் கணக்குப்படி பல்லாளரிடம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படை. அவற்றோடு இருபதாயிரம் முஸ்லிம்களும் இருந்தார்கள். எண்ணிக்கையில் பழைய நூல்களுக்கே உரிய பெருக்கல் இருக்கலாம். முஸ்லிம்கள் அந்தப் படையில் இருந்தார்கள் என்பதை ஐயுறக் காரணம் இல்லை. தமக்குப் பிடிக்காத ஒரு செய்தியாகத்தான், அவர்களை ஏசிக்கொண்டே, அவர் இதை எழுதுகிறார். ஆகவே கண்ணனூர்ப் போர் மதத்துக்கும் மதத்துக்கும் நடந்த போர் என்று எந்தத் தரப்பார் சொன்னாலும், அவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று பொருள்.

கோட்டைக்குள் பதினான்கு நாளுக்கு மட்டுமே உணவு எஞ்சியது. பல்லாளர் ஆள் அனுப்பினார்: ஊரை விட்டுவிட்டு உயிரோடு வெளியேறலாம், பாதுகாப்புக்கு நான் பொறுப்பு. எங்கள் சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள் உள்ளிருந்தவர்கள். அதற்காகப் பதினான்கு நாள் போர்நிறுத்தம் தரப்பட்டது. கடிதம் மதுரைக்குப் போய், வெள்ளிக்கிழமை மக்கள் முன் வாசிக்கப்பட்டது. மக்கள் அழுதார்கள். உயிரைத் துச்சமாக எண்ணிப் பலர் முன்வந்தார்கள். தலைப்பாகையைக் கழற்றிக் குதிரையின் கழுத்தில் கட்டுவது மரணத்துக்குத் துணிந்ததன் அடையாளம். அப்படிக் கட்டிக்கொண்டு முந்நூறு பேர் முன்னணியில் சென்றார்கள். மொத்தம் ஆறாயிரம் பேர். முற்றுகையிடப்பட்ட தம் சகோதரர்களுக்காக அவர்கள் காட்டிய துணிச்சலை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்கள் பல்லாளரின் பாளையத்தை அடைந்தது நண்பகல் உறக்க வேளையில். போர்நிறுத்தத்தை நம்பியிருந்த வீரர்கள் குதிரைகளை மேய்ச்சலுக்கு விட்டிருந்தார்கள். வந்தவர்களைத் திருடர்கள் என்று எண்ணி ஒழுங்கின்றி வெளியே ஓடிவந்தார்கள். முதிய மன்னர் குதிரை ஏற முயன்றபோது பிடிபட்டார். சுல்தானின் உறவினர் நாசிருத்தீன் அவரை யாரென்று அறியாமல் வெட்டப்போக, ஓர் அடிமை, இவர்தான் மன்னர் என்று தடுத்தான்.

அதன்பின் நடந்ததுதான் நாம் சொல்ல வந்தது. கியாஸுத்தீன் அவரை வெளித்தோற்றத்தில் மரியாதையாக நடத்தினார். விடுவித்துவிடுகிறேன் என்று வாக்களித்து, அந்த வாக்கைக் காட்டிக் காட்டியே அவருடைய செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் பெற்றுக்கொண்டார். கொடுக்க ஒன்றும் மிஞ்சாதபோது அவரைக் கொன்று, தோலை உரித்து, அதில் வைக்கோலைத் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். போர்ச் செய்திகளை இப்னு பதூதா பிறர் சொல்லக் கேட்டு எழுதினார். இந்தத் தோலை மட்டும் தம் கண்ணால் கண்டதாக எழுதுகிறார்.

ஷரீஅத் என்ன சொல்கிறது?

போர் என்பதே தந்திரம்தானே, ஹதீஸிலேயே அப்படி வந்திருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், போரில் தந்திரம் கூடும் என்பதில் உலமாக்கள் ஒருமித்திருந்தாலும், உடன்படிக்கையையோ அமானையோ முறிக்கும் தந்திரம் அதில் சேராது என்று வரம்பு கட்டிவிடுகிறார்கள். பகைவரின் வலப்பக்கம் போவதாகக் காட்டிவிட்டு இடப்பக்கம் தாக்குவது தந்திரம். வாளை வைத்துவிடு, உன்னைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தொடுவது துரோகம்.

இதற்கான மிகத் தெளிவான முன்மாதிரி ரோமர்கள் தொடர்பாகவே நிகழ்ந்தது என்பது வியப்புக்குரியது. முஆவியா (ரலி) அவர்களுக்கும் பைஸாந்தியருக்கும் இடையே குறிப்பிட்ட காலத்துக்கு உடன்படிக்கை இருந்தது. தவணை முடியும் நேரத்தில் எல்லையில் தயாராக இருந்து, முடிந்ததும் பாயலாம் என்று முஆவியா (ரலி) படையை நகர்த்தினார்கள். கவனியுங்கள்: தவணைக்குள் தாக்கும் எண்ணம்கூட இல்லை, நெருங்கிச் செல்வது மட்டும்தான். அப்போது ஒரு குதிரைவீரர் தக்பீர் முழங்கிக்கொண்டு, வாக்கை நிறைவேற்றுங்கள், துரோகம் வேண்டாம் என்று உரத்துச் சொன்னபடி வந்தார். அவர் அம்ர் இப்னு அபஸா (ரலி). உடன்படிக்கை உள்ளவர்கள் அதன் தவணை முடியும்வரை அதில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது, அல்லது முறிவை வெளிப்படையாக அறிவித்துவிட வேண்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்ட ஹதீஸை அவர் எடுத்துரைத்தார். முஆவியா (ரலி) படையோடு திரும்பிவிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இது பதிவாகியுள்ளது. சூரத்துல் அன்ஃபாலின் 58ஆம் வசனமும் இதே நெறியைத்தான் கற்பிக்கிறது: எதிர்த்தரப்பு மோசடி செய்யும் என்று அஞ்சினால்கூட உடன்படிக்கையை அவர்கள் அறியும்படி முறிக்க வேண்டும்.

கண்ணனூர்ப் போர்நிறுத்தத்தைச் செய்தது கோட்டையில் இருந்தவர்கள்தாமே, மதுரை சுல்தான் அதில் தரப்பினர் அல்லவே என்றும் வாதிடலாம். அந்தாக்கியாவில் பொஹிமண்ட் செய்த வாதத்தின் வாடை இதில் அடிக்கிறது. முஸ்லிம்களில் மிகச் சாதாரணமான ஒருவர் கொடுக்கும் பாதுகாப்பும் அனைவரையும் கட்டுப்படுத்தும் என்பது நபிமொழியால் நிலைபெற்ற சட்டம். மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரலி) என்ற ஒரு பெண்மணி கொடுத்த அமானை நபி (ஸல்) அவர்கள் அப்படியே ஏற்றார்கள். சொந்தச் சகோதரர் அலீ (ரலி) அவர்கள் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தும்கூட. அப்படியிருக்க, ஒரு கோட்டைப் படையே செய்த போர்நிறுத்தம் சுல்தானைக் கட்டுப்படுத்தாது என்பது எப்படி? சரி, அந்த வாதத்துக்கு இடம் கொடுத்துவிடுவோம். கைதிக்குக் கொடுத்த வாக்கு? அதை சுல்தானே தம் வாயால் கொடுத்தார். அதைக் காட்டியே யானைகளை வாங்கினார். ஹித்தீனில் ஒரு கிண்ணத் தண்ணீருக்காக ஸலாஹுத்தீன் (ரஹ்) காட்டிய எச்சரிக்கையை இங்கே நிறுத்திப் பாருங்கள். கியாஸுத்தீன் இந்தக் கணக்கில் ஸலாஹுத்தீனின் வரிசையில் நிற்கவில்லை. ரெய்னால்டின் வரிசையில் நிற்கிறார். பெயர் அரபுப் பெயர் என்பதற்காக இடத்தை மாற்றிக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

இது இன்றைய நம் கருத்து மட்டும் அன்று. இந்தச் சுல்தான் வழியில் பிடிபட்ட எளிய குடும்பங்களைப் பெண்கள் குழந்தைகளோடு கழுமரத்தில் கொன்றதை இப்னு பதூதா விவரித்து, இத்தகைய இழிசெயலை வேறு எந்த அரசரிடமும் தாம் அறிந்ததில்லை என்றும், இதன் காரணமாகவே அல்லாஹ் இவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதுகிறார். ஒருநாள் உணவு வேளையில் ஒரு மனிதரையும் மனைவியையும் ஏழு வயது மகனையும் சுல்தான் தம் முன்னிலையில் கொல்ல உத்தரவிட்டார். இன்னொரு முறை வேறொருவரைத் தண்டிக்க முற்பட்டபோது, தொழப் போகிறேன் என்று இவர் எழுந்துவிட்டார். சுல்தான் புரிந்துகொண்டு சிரித்தாராம். டெல்லியிலும் மாலத்தீவிலும் காஜியாக இருந்தவர், சகலை, விருந்தினர், அதே சுல்தானோடு மாலத்தீவின்மீது படை அனுப்பத் திட்டமிட்டவர்: குறை சொல்லாமல் இருக்க எல்லாக் காரணமும் இருந்தவர். தூய்மையான சாட்சி என்று அவரை நாம் சொல்லவில்லை. அவ்வளவு நெருங்கியவராலும் சகிக்க முடியவில்லை என்பதே அந்தச் சாட்சியத்தின் எடை.

தமிழகத்தில் நம் மார்க்கம் வேரூன்றியதற்கும் இந்தச் சுல்தான்களுக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கடல் வணிகத்தால் வாழ்ந்த முஸ்லிம்கள் இவர்களுக்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தார்கள். இவர்கள் போன பின்பும் இருந்தார்கள். அவர்களுடைய முதல் எல்லாம் பேச்சு மாறாமைதான். கடனுக்குச் சரக்கு கொடுக்கிற வணிகத்தில் வேறு முதல் நிற்காது.

மதுரையில் பின்னர் நடந்தவை விரைவாக நடந்தன. இப்னு பதூதா அங்கே வந்து சேர்ந்தபோது கொள்ளைநோய் பரவியிருந்தது. சுல்தானின் மகனும் மனைவியும் தாயும் இறந்தார்கள். பின் சுல்தானும் இறந்தார். போர்க்களத்தில் பல்லாளரை வெட்ட ஓங்கிய அதே நாசிருத்தீன் அரியணை ஏறி, தம் அத்தை மகனைக் கொன்று அவருடைய மனைவியை மணந்துகொண்டார். மாலத்தீவுப் படையெடுப்பை முடித்துத் தருகிறேன், இருங்கள் என்று இப்னு பதூதாவிடமும் சொன்னார். கடுங்காய்ச்சலில் கிடந்து எழுந்த அவர், வேண்டாம் என்று விடைபெற்றுப் பட்டணம் என்ற துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறிவிட்டார். பல்லாளரின் மரணத்துக்குப் பின் சில ஆண்டுகளிலேயே ஹொய்சள நாடு விஜயநகரத்தின் கைக்கு மாறியது. மதுரைக்கும் விஜயநகரத்துக்கும் நடுவே தடுப்பாக இருந்த அரசு அதோடு மறைந்தது. 1370ஆம் ஆண்டு வாக்கில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் கண்ணனூரையும் மதுரையையும் கைப்பற்றினார். மதுரை சுல்தான்களின் பெயரில் கிடைத்த கடைசி நாணயம் 1378ஆம் ஆண்டுக்குரியது.